ஐந்து துளைக்கு மட்டும் சம்மதம்

மார்ச் 4

தங்கைக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதைத் தீர்த்துவைக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான் என்பதால் வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தேன்.

கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. அதோடு சேர்த்து ஒரு முழம் குடல். இவ்வளவையும் வயிற்றில் விரல் நுழையும் அளவுக்கு நாலைந்து துளை போட்டு அதன் வழியாகவே வேலையை முடித்துவிடுவார்களாம். நான் இருபத்தாறு வருஷமாகக் குழாய்க்குள் கேமரா விட்டு அடைப்பு எடுக்கிறவன். நுழைந்த வழியைவிடப் பெரிய சாமானை முழுசாக வெளியே எடுத்த கதை என் அனுபவத்தில் இல்லை. உங்கள் ஆட்கள் எப்படி எடுக்கிறார்கள்? அளந்து, தெளிவாக எழுது. எனக்குப் பூசி மெழுகினால் பிடிக்காது.

கட்டி என்னுடையதுதான். இரண்டு மாசமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்தேன். உன் அண்ணி என் முகம் சுண்ணாம்பு அடித்தமாதிரி இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் பாதிதான் இருக்கிறதாம். பிறகு பின்வழியாகக் கேமரா விட்டார்கள். தூக்கத்துக்கு ஊசி போட்டும் நான் தூங்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயர் எத்தனை அடி என்று கேட்டதற்கு அந்த டாக்டர் அசையாமல் படுங்கள் என்றார். மூன்றாவது வளைவு தாண்டி, பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில், வலது பக்கம் இருந்தது. நானே முதலில் பார்த்தேன். "அதோ இருக்கு பாருங்க"ன்னு நான்தான் சொன்னேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அப்போதே புரிந்துவிட்டது.

கேன்சர். பரவியதாகப் படத்தில் தெரியவில்லை என்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை நெஞ்சுக்குழியிலிருந்து கீழே வரை கிழித்தார்களே, அப்படி என்னைக் கிழிக்க விடமாட்டேன். அன்றைக்கு என்னைக் கேட்காமல் நீ கையெழுத்துப் போட்டாய். நாலாம் நாள் அப்பா போய்விட்டார். இன்றைக்கு நான் உன்னைக் கேட்கிறேன். துளை வழியாக நிஜமாகவே முடியுமா, முடியாதா?

போன் வேண்டாம். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வேலைக்குப் போகும் நேரத்தில் வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கப் பயமாக இருந்தது. மதிய இடைவேளையில் துணி அடுக்கும் அறைக்குள் போய் நின்றுகொண்டு படித்தேன். மூன்றாம் பத்தியைப் படிக்கும்போது மடித்து வைத்த போர்வைகள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பதினாலு வருஷமாக இந்த ஆபரேஷனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிறவள் நான். அதனால் பூசி மெழுக மாட்டேன்.

முதலில் தொப்புள் பக்கம் ஒரு துளை. அதன் வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். வயிறு பந்துபோல எழும்பும். எழும்பினால்தான் உள்ளே இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிறகு கேமரா போகும். அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் மூன்று நான்கு துளை போடுவார்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். கருவிகள் ஒரு முழ நீளம் இருக்கும், நுனி மட்டும் பிறந்த குழந்தையின் விரல்நகம் அளவு. டாக்டர் தன் கையைப் பார்க்க மாட்டார், திரையைத்தான் பார்ப்பார்.

குடல் இரும்புக்குழாய் இல்லை. காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி மடங்கும். ரத்தக்குழாய்களை உள்ளேயே கட்டிவிட்டு, குடலைச் சுற்றியிருக்கும் ஒட்டுகளைப் பிரித்து விட்டபிறகு, தொப்புளுக்குப் பக்கத்தில் இருக்கும் துளையை மட்டும் இரண்டு அங்குலத்துக்குப் பெரிதாக்குவார்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்து, அதன் வழியாகத்தான் கட்டியோடு குடலை வெளியே இழுப்பார்கள். உறை எதற்கென்றால், கட்டி தோலில் உரசக்கூடாது. வெட்டி, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளரால் இணைத்து உள்ளே விட்டுவிடுவார்கள். ஆக, உங்கள் சந்தேகம் நியாயம்தான். கோழிமுட்டை விரல் துளையில் வராது. இரண்டு அங்குலத்தில் வரும்.

இன்னொன்றும் செய்திருப்பார்கள். கேமரா விட்ட அன்றே கட்டிக்குப் பக்கத்தில் மை ஊசி போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது குடலில் கறுப்பாகத் தெரியும். கைவைத்துத் தடவிக் கண்டுபிடிக்க முடியாதல்லவா, அதற்காக.

அப்பா விஷயம். நான் பதினொரு முறை உங்களுக்குப் போன் செய்தேன். இதற்குமேல் எழுத வரவில்லை.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தேதி குறித்தால் எழுதுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? சின்ன வயசில் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு "டேய்" என்பாயே. வட்டி வசூலிக்க வந்தவனுக்கு எழுதியதுபோல இருந்தது கடிதம். ஆனால் பிரமாதம். மூன்று தடவை படித்தேன். சைக்கிள் டியூப் என்றாயே, அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. உன் அண்ணிக்கு நான் பழைய டியூபை எடுத்துவந்து செய்து காட்டினேன். அவள் சாப்பிடும் நேரத்தில் இது என்ன கூத்து என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்தேன். உன் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். யார் எழுதியது என்றார். என் தங்கை என்றேன். "உங்க தங்கச்சி இருக்கும்போது என்கிட்ட ஏன் வந்தீங்க"ன்னு கேட்டுவிட்டுச் சிரித்தார். வெளியே வெயிட்டிங்கில் ஆறு பேர். ஆனாலும் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மூடிய பெட்டி இருந்தது. படிக்கிற டாக்டர்கள் கை பழக வைத்திருக்கிறார்கள். மேலே இரண்டு துளை, உள்ளே கேமரா, பக்கத்தில் திரை. உள்ளே கிடக்கும் ஐந்து மணிகளைக் கருவியால் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட வேண்டும்.

கையை வலது பக்கம் கொண்டுபோனால் திரையில் நுனி இடது பக்கம் போகிறது! தலை சுற்றிவிட்டது. முதல் மணியைப் பிடிக்கவே பத்து நிமிஷம். அப்புறம் கை பிடிபட்டது. ஐந்தையும் போட்டுவிட்டுத்தான் வந்தேன். வேலைக்கு வருகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். கேமரா கண்ணாடியில் ஆவி படிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், வெந்நீரில் முக்குவோம் என்றார். நாங்கள் சோப்பு நீரைத் தடவித் துடைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். குறித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அந்த வாயு பிறகு எங்கே போகிறது? தோள்பட்டை வலிக்கும் என்கிறாரே, வயிற்றில் வாயு விட்டால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? வெட்டின முனைகளை இணைத்த பிறகு ஒழுகுகிறதா என்று எதை வைத்துச் சோதிக்கிறீர்கள்? நாங்கள் அழுத்தம் கொடுத்து அரைமணி நேரம் விட்டுப் பார்ப்போம். ஸ்டேப்ளர் முள் உள்ளேயே கிடக்குமா? எழுது.

இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதி குறித்திருக்கிறார்கள். கையெழுத்து கேட்டுத் தாள் கொடுத்தார்கள். படித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது, கடைசியில் மட்டும் 'தேவை ஏற்பட்டால் வயிற்றைத் திறந்து அறுவை செய்யவும் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி. அதைப் பேனாவால் அடித்து, மேலே 'ஐந்து துளைக்கு மட்டும் சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் வேலை ஒப்பந்தத்தில் பிடிக்காத வரியை அடித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போடுவேன். வாங்கிய பெண் பார்க்காமல் கோப்பில் வைத்துவிட்டாள்.

மை ஊசி போட்டிருக்கிறார்களாம், கேட்டுவிட்டேன். இந்த வயசில் எனக்குப் பச்சை குத்திவிட்டார்கள், அதுவும் யாரும் பார்க்கமுடியாத இடத்தில்.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?

தோள்பட்டை, ஸ்டேப்ளர் எல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேள். நீ படுத்திருக்கிறாய். ஐந்து துளையும் போட்டாகிவிட்டது. உள்ளே ஒரு ரத்தநாளம் பிய்ந்துவிடுகிறது. துளை வழியாக நிறுத்த முடியவில்லை. வயிற்றைத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் விரலால் அழுத்திப் பிடித்துவிடலாம். ஆனால் கோப்பில் இருக்கும் தாளில் 'ஐந்து துளைக்கு மட்டும்' என்று இருக்கிறது. அந்த டாக்டரம்மா என்ன செய்ய வேண்டும்? திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? எந்த டாக்டரும் இந்தக் கையெழுத்தை வைத்து உன்னைத் தொட மாட்டார். ஆபரேஷன் அன்று காலையில் கோப்பைப் பிரிப்பார்கள், பார்ப்பார்கள், உன்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். தேதி போகும், கட்டி போகாது.

உனக்குப் பன்னிரண்டு வயதில் குடல்வால் எடுத்தார்களே, அந்தத் தழும்பு வலது பக்கம்தான் இருக்கிறது. பழைய தழும்புக்கு அடியில் குடல் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு லேசாக, சிலருக்கு மரவேலைக்காரர் பசை போட்டதுபோல. உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னாயா? மணி பொறுக்கும் சந்தோஷத்தில் மறந்திருப்பாய்.

திறப்பது தோல்வி இல்லை. நான் பார்த்த நல்ல டாக்டர்கள் எல்லோரும் எப்போது துளையை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தவர்கள். நீயும்தான். உன் வேலைத்தாளில் அடியில் நீயே அச்சடித்து வைத்திருக்கிறாயே, 'தேவைப்பட்டால் சுவர் உடைக்கப்படும்' என்று. அந்த வரியை எத்தனை வீட்டுக்காரர்கள் அடித்துக் கொடுத்தார்கள், நீ எத்தனை பேருக்கு வேலை செய்தாய்?

அப்பா பெரிதாகக் கிழித்ததால் சாகவில்லை. அவருக்கும் குடலில்தான் கட்டி இருந்தது, யாருக்கும் தெரியாது. அடைத்து, வீங்கி, உள்ளே வெடித்தபிறகுதான் என் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். துளைக்கெல்லாம் அங்கே நேரம் இல்லை. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி என்பதால் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கதவு திறந்தது. கூட வேலை செய்கிறவள்தான், அவள் தாளை நீட்டி "என்ன சொல்றீங்க, சீக்கிரம் சொல்லுங்க"ன்னு கேட்டாள். சாயங்காலம் நாலு மணி. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. போட்டேன். நாலாம் நாள் நீ வந்து, எல்லோர் முன்னாலும், "உன்னை யார் கேட்டா"ன்னு சொன்னாய்.

இன்னொரு தடவை என்னால் யாருக்காகவும் அந்தக் கதவுக்கு வெளியே நின்று சரி என்று சொல்ல முடியாது அண்ணா. உனக்காக நிச்சயமாக முடியாது. அந்த வரி இல்லாமல் நீ படுத்தால், நடுவில் ஏதாவது ஆனால், வெளியே வந்து யாரைக் கேட்பார்கள்? அண்ணி மயங்கி விழுவாள். என்னைத்தான் தேடுவார்கள்.

போய் டாக்டரம்மாவைப் பார். நாளைக்கே.

தங்கை


மார்ச் 23

தங்கைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே டாக்டரம்மா கோப்பைப் பார்த்துவிட்டார். கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. அது இன்னும் மோசம். "இந்தத் தாளோட என்னால உங்களுக்குச் செய்ய முடியாது. யோசிச்சுட்டு வாங்க"ன்னு சொன்னார். இருபத்தெட்டாம் தேதி வேறு யாருக்கோ போய்விட்டது. உன் அண்ணி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் பேசுகிறாள்.

குடல்வால் விஷயம் நான் சொல்லவில்லைதான். போய்ச் சொல்கிறேன்.

இதை எழுதுவதற்காகத்தான் போன் வேண்டாம் என்றேன்போலிருக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

அன்றைக்கு நான் வேலையில் இல்லை. மூன்று மணிக்கே வேலை முடிந்து வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு வயிறு வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்திருந்தேன். போன் முன்னால் இருந்தது. அடித்தது. எடுக்கவில்லை. என்ன கேட்கப்போகிறாய் என்று தெரியும். செய் என்று சொல்லி ஏதாவது ஆனால் என் தலையில். வேண்டாம் என்று சொல்லி ஏதாவது ஆனாலும் என் தலையில். பயந்துபோய்க் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்று இல்லை. பன்னிரண்டு. நீ ஒன்றை மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை.

அப்புறம் உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. ஆறு வருஷம் அதிலேயே ஓட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போகிறேன். ஆபரேஷன் அன்றைக்கு நீ வருவாயா? கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

பன்னிரண்டு என்று படித்ததும் கடிதத்தை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். இரண்டு நாள் உன்மேல் இருந்த ஆத்திரத்தில் வேலையில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆறு வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நீ எங்கேயோ பள்ளத்துக்குள் இறங்கியிருந்தாய், கேட்கவில்லை, நான்தான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்று.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அண்ணி போனில் புதுத் தேதி சொன்னாள். ஏப்ரல் நாலு. இரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன்.

தோள் வலிக்குக் காரணம், வாயு மேலே ஏறி மூச்சுத் தசையைத் தொடும், அந்தத் தசைக்கும் தோளுக்கும் ஒரே நரம்பு. இரண்டு நாளில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டேப்ளர் முள் உள்ளேயே இருக்கும், ஒன்றும் செய்யாது. இணைப்பைக் கண்ணால் பார்த்து, ரத்த ஓட்டம் சரியா என்று பார்ப்பார்கள். உன்னைப்போல அரைமணி அழுத்தமெல்லாம் கிடையாது. ஆபரேஷன் வரை தினம் ஒரு மணி நேரம் நட. மயக்க மருந்து டாக்டருக்கு யோசனை சொல்லாதே.

தங்கை


ஏப்ரல் 5

அண்ணா,

நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய். எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் பஸ். விழித்ததும் முதலில் வயிற்றைத் தடவிப் பார்ப்பாய், பிறகு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று சண்டை போடுவாய். அதனால் எழுதி அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கு உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்கு உள்ளேதான் எனக்கு வேலை. வெளியே நின்ற ஒரே தடவை அப்பாவுக்காக. அதற்குப் பிறகு என் ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்துகொண்டு வரும்போதெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே போய்விடுவேன்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அண்ணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாயு விடுவார்கள், இப்போது கேமரா போயிருக்கும், இப்போது மையைத் தேடுவார்கள். அவள் பாதிக்குமேல் கேட்க மாட்டேன் என்று காதைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவளே "இப்ப என்ன பண்ணுவாங்க"ன்னு கேட்டாள்.

பத்தேகாலுக்குக் கதவு திறந்தது. முடிந்திருக்க வாய்ப்பே இல்லாத நேரம். தியேட்டர் நர்ஸ் முகக்கவசத்தோடு வெளியே வந்து உன் பெயரைச் சொல்லி யார் கூட வந்தவர்கள் என்று கேட்டாள். எழுந்து போனேன். அவள் கையில் தாள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன் அண்ணா. சத்தம் வருவதற்குள் அவள் பேசினாள்.

"பழைய தழும்புக்குக் கீழ ரொம்ப ஒட்டியிருக்கு. வயித்தைத் திறந்து செய்யறாங்க. உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. நான் திறந்த வாயோடு நின்றேன்.

ஒன்றரை மணிக்கு டாக்டரம்மா வந்தார். மேல்பக்கம் முழுவதும் துளை வழியாகவே பிரித்துவிட்டார்களாம், தழும்புப் பக்கம் மட்டும் முடியவில்லை. அதனால் வெட்டு ஒரு சாண்கூட இல்லை, அப்பாவுக்குப் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். கட்டி முழுசாக வந்துவிட்டது. ஈரலில் ஒன்றும் இல்லை. நெறிக்கட்டிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு மருந்து வேண்டுமா என்று சொல்வார்கள். இதில் எதையும் நான் கூட்டிக் குறைக்கவில்லை.

பிறகு கோப்பைப் பிரித்து உன் புதுத்தாளைக் காட்டினார். அந்த வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே உன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தாய்: 'என்ன செய்ய வேண்டியிருந்தாலும் செய்யுங்கள். முடிவு என்னுடையது. வெளியே என் தங்கை இருப்பாள். அவளுக்குத் தகவல் சொல்லுங்கள். அவளிடம் எதையும் கேட்காதீர்கள்.'

நின்ற இடத்திலேயே அழுதேன். டாக்டரம்மா ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தோளைத் தட்டினார். அண்ணி மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு எழுத வராதது இன்றைக்கு வருகிறது. மன்னித்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். அப்பாவுக்கும் உனக்கும் இருந்தால் எனக்கும் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. மற்றவர்களுக்கெல்லாம் சொல்கிற நான் என் விஷயத்தில் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கிறேன். பயம்தான், வேறென்ன. இங்கேயே, அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கதவுக்கு வெளியே கூட ஒரு ஆள் உட்கார வேண்டும், யார் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

தங்கை